வழித்த நாக்கு

அன்று அடையாறு ஆய்வுக்கூடத்தின் மாடி அறையில் இருந்தவர்கள் இவர்கள். டாக்டர் வசுமதி. மயிலாப்பூர்க்காரர், இந்தச் சோதனையை உருவாக்குகிறவர். செல்வம், ஐஸ் பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு போகிறவன். நர்ஸ் பெண்கள் இரண்டு பேர். சோதனைப் பெட்டிக்குள் ஓடும் கணக்கை எழுதிய கண்ணாடிக்காரர், ஆழ்வார்பேட்டையிலிருந்து வந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர். கடைசியாக நான், மேரி. ஏழு பேரும் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். ஒருவர் நாக்கை ஒருவர் பஞ்சுக்குச்சியால் தேய்த்துப் பழக வேண்டும் என்றார்கள். எங்கள் மன்னாரில் ஒருவர் முன்னால் நாக்கை நீட்டினால் கன்னத்தில் விழும். இங்கே ஐம்பத்திரண்டு வயதில் சம்பளம் வாங்கிக்கொண்டு நீட்டினேன். செல்வம் என் நாக்கைத் தேய்த்தான். கண்ணில் நீர் வந்தது. சிரிக்கக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். சிரித்தான்.

தேய்த்து முடித்த பிறகு வெள்ளைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். ஜனங்கள் இங்கே வருவதற்கு முன்னால் காலையில் என்னென்ன செய்வார்கள் என்று. டாக்டர் அதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னார். நான் தண்ணீர் பிடிப்பார்கள், சமைப்பார்கள், வேலைக்குப் போவார்கள் என்றேன். செல்வம் டீ குடிப்பார்கள் என்றான். அவர் டீயை மட்டும் எழுதிக்கொண்டார். அரை மணி நேரத்துக்கு எதுவும் குடிக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, புகைக்கக் கூடாது என்று தாளில் ஏறியது. எல்லாம் விளங்கியதா என்று கேட்டார். எல்லாரும் தலையை ஆட்டினோம்.

என்ன சோதனை என்பதைச் சொல்லிவிடுகிறேன். காசநோய் இருக்கிறதா என்று பார்க்க நெஞ்சுக்குள்ளிருந்து சளியை இருமி எடுத்துக் குப்பியில் தர வேண்டும். எல்லாருக்கும் அது வராது. பிள்ளைகளுக்கு வராது. வெட்கப்படுகிறவர்கள் எச்சிலைத் துப்பித் தருவார்கள், அது உதவாது. அதற்குப் பதிலாக நாக்கின் மேலே படிந்திருப்பதைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து, மருந்துத் தண்ணீரில் முக்கி, சாப்பாட்டுக் கேரியர் அளவு உள்ள ஒரு பெட்டியில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. நாக்கில் கிருமி குறைவாகத்தான் இருக்கும், அந்தக் குறைவைப் பிடிப்பதுதான் வேலை என்றார் டாக்டர். நான் எட்டாம் வகுப்பு. எனக்கு இவ்வளவு விளங்கியது. இவ்வளவும் போதும் என்று நினைத்தேன்.

நான் இந்த வேலைக்கு வந்த காரணம் என் புருஷன் அந்தோனி. நாங்கள் வள்ளத்தில் வந்து கரையேறிய மூன்றாம் வருடம், அகதி முகாமில், அவருக்கு இருமல் பிடித்தது. தகரக் கொட்டில். ஒரு கொட்டிலில் இருமினால் ஏழு கொட்டிலுக்குக் கேட்கும். அதனால் துவாயை வாயில் வைத்து இருமுவார். கிழமைக்கு, அதாவது வாரத்துக்கு, ஒரு தரம் டாக்டர் வருவார். குப்பி கொடுத்தார். சளியை எடுத்துக் கொடுத்தோம். குப்பி பஸ்ஸில் டவுனுக்குப் போனது. முடிவு வரவில்லை. இரண்டாம் குப்பி போனது. அதற்கும் வரவில்லை. அவரைப் புதைத்த பதினோராம் நாள் முகாம் அலுவலகத்தில் என் பெயரைக் கூப்பிட்டு ஒரு தாளைத் தந்தார்கள். இருக்கிறது என்று எழுதியிருந்தது. எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. தாளை மடித்து வைத்தேன். பல வருடம் கழித்து, அடையாறில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்த இடத்தில், ஒரு மணி நேரத்தில் சொல்லும் பெட்டி என்று காதில் விழுந்தது. துடைப்பத்தை வைத்துவிட்டு நின்று கேட்டேன். சனங்களிடம் கதைக்க ஒரு பெண் வேண்டும் என்று டாக்டர் தேடியபோது நான் வருகிறேன் என்றேன். இந்த நாட்டில் நானாகக் கேட்டு வாங்கிய வேலை அது ஒன்றுதான்.

நான் இருப்பது சைதாப்பேட்டை. காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு முகாமுக்கு வெளியே இருக்கிறவர்களில் ஒருத்தி. கனடாவிலும் பாரிஸிலும் இருந்து இதை வாசிக்கிற எங்கள் சனங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு மொழி வேறு, தோல் வேறு. வேறு ஆள் என்று உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். எனக்கு இங்கே மொழியும் ஒன்று, தோலும் ஒன்று. வாயைத் திறக்கும் வரை நான் இந்த ஊர்க்காரி. திறந்த பிறகு சிலோன் அக்கா. கோபமாகச் சொல்வதில்லை, அன்பாகத்தான் சொல்கிறார்கள். சோதனைக்கு ஆள் கூப்பிடப் போன ஆற்றோரக் குடிசைகளில் எனக்கு அந்தப் பெயர் உதவியது. டாக்டர் போய் நின்றால் கதவைச் சாத்துவார்கள். நான் போனால், வா உட்காரு, உங்க ஊர் மாரி ஒரு வார்த்த பேசு என்பார்கள். எங்கள் பக்கத்தில் இருமலை மறைப்போம். இங்கே தெருவிலேயே நின்று பேசுகிறார்கள், எம்மாமா ரத்தமா கக்கினு கீறாரு என்று. முதலில் எனக்குத் திக்கென்றது. பிறகு, இதுவே நல்லது என்று பட்டது.

சோதனை முகாம் நடத்துவதற்கு முதல் நாள் வீடு வீடாகச் சீட்டுக் கொடுப்பது என் வேலை. அப்படித்தான் குமாரியைப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும். புருஷன் விட்டுப் போய்விட்டான். தாய் சரோஜாவோடு ஆற்றங்கரை ஓரத்தில் கடைசி வரிசையில் இருந்தாள். தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். காலையில் போனால் இரவு வரை நிற்க வேண்டும், உட்கார ஸ்டூல் கிடையாது. இரண்டு மாதமாக இருமல். சேலையை விரிக்கும்போது இருமினால் வாங்க வந்தவர்கள் தள்ளி நிற்கிறார்களாம். முதலாளி இரண்டு தரம் பார்த்துவிட்டாராம். மூன்றாம் தரம் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவார் என்றாள்.

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாக்கா, நாக்க நீட்டச் சொல்றியே, நாங்க இன்னா காளியாத்தாவா?"

செல்வம் பக்கத்தில் நின்றான். அந்த வேஷம் உனக்குப் போடவே தேவையில்லை என்றான் அவன் பாஷையில். அவள் அவனைச் செருப்பைக் காட்டித் துரத்தினாள். தாய் உள்ளேயிருந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு நான் சொன்னேன். எல்லா வீட்டிலும் சொன்னதுதான்.

"ஊசி இல்லைப் பிள்ளை. காலமை பல்லை விளக்கி, நாக்கை வடிவா வழிச்சுக்கொண்டு வாங்கோ. டாக்டர் அம்மா பாப்பா."

இதைச் சொல்லச் சொல்லி எனக்கு யாரும் சொல்லவில்லை. தாளில் இல்லை. ஒரு பெரிய மனுசிக்கு வாயைத் திறந்து காட்டப் போகிறோம், சுத்தமாகப் போக வேண்டாமா? என் தாய் என்னை அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாள், ஒரு பல் பிடுங்குவதற்கும். ஏழைகள் நாறுகிறார்கள் என்று அந்த நர்ஸ் பெண்கள் முகத்தைச் சுளிக்கக் கூடாது என்றும் நினைத்தேன். வருகிற சனங்களுக்கு மரியாதை வாங்கிக் கொடுப்பதாக நினைத்தேன்.

மறுநாள் காலை மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் முகாம். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தலை வாரிப் பவுடர் போட்டு வந்திருந்தார்கள், கல்யாணத்துக்கு வந்த மாதிரி. குமாரி கடைக்குப் போகும் சீருடைச் சேலையில் வந்தாள். என் முன்னால் வந்து நாக்கை நீட்டிவிட்டு, "கண்ணாடி மாரி வச்சினு வந்துகீறேன் பாரு. ரெண்டு வாட்டி வழிச்சேன்" என்றாள். உண்மைதான். மேலே வெள்ளையே இல்லை. சிவப்பாக, பச்சைப் பிள்ளையின் நாக்கு மாதிரி இருந்தது. நல்ல பிள்ளை என்றேன். குச்சியை எடுத்து முப்பது எண்ணும் வரை தேய்த்தேன். பிறகு சளிக் குப்பியைக் கொடுத்தோம். பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரம் போய் நின்று இருமிப் பார்த்தாள். வந்தது எச்சில். இது உதவாது, நாளைக் காலையில் எழுந்ததும் எடுத்துக் கொண்டு வா என்று நர்ஸ் வேறு குப்பி கொடுத்தாள். நெஞ்சுப் படம் எடுக்கவும் சீட்டு எழுதித் தந்தாள். இரண்டுக்கும் ஒரு நாள் லீவு போட வேண்டும்.

அவள் போகவில்லை. பெட்டி இருந்த வகுப்பறை வாசலில் நின்றாள். பெட்டி என்ன சொல்கிறது என்பதை வந்தவர்களிடம் சொல்லக் கூடாது. அது எங்களுக்கு முதல் நாளே சொன்ன விதி. பெட்டியே இன்னும் பரீட்சை எழுதுகிறது, அதன் பேச்சை நம்பி யாரும் மருந்து எடுக்கவும் கூடாது, எடுக்காமல் இருக்கவும் கூடாது என்றார் டாக்டர். சளி முடிவும் படமும்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது. விதி எனக்கு நன்றாக விளங்கியிருந்தது. திரையில் அவள் எண்ணுக்கு நேரே நோய் என்று ஒன்றும் வரவில்லை. அதையும் பார்த்தேன்.

"இன்னாக்கா சொல்லுது பெட்டி?"

"சொல்லக் கூடாது."

"எனக்கு மட்டும் சொல்லேன். லீவு கேக்கணுமா வாணாமா, அத்த மட்டும் சொல்லு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அகதி முகாம் அலுவலகத்தில் தாளுக்காக நான் நின்ற நிலைதான் அது. கிழமைக் கணக்காக நின்றேன், ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இங்கே என் கையில் பதில் இருக்கிறது. நல்ல பதில்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. போயிட்டு வா" என்றேன்.

அவள் என் கன்னத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்து நெட்டி முறித்தாள். கடைக்கு ஓடினாள். அன்று அவளுக்கு மட்டும் சொன்னேன் என்று எழுதினால் பொய். வேறு ஆட்களுக்கும் சொன்னேன். ஒவ்வொரு முகாமிலும் சொன்னேன். ஒன்றும் வராதவர்களுக்கு மட்டும்தான் சொன்னேன். அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. இந்த நாட்டில் என் வாயிலிருந்து நல்ல சேதி கேட்டவர்கள் அவர்கள்தான்.

குப்பி திரும்பி வரவில்லை. படமும் எடுக்கவில்லை. நர்ஸ் இரண்டு தரம் போன் செய்தாள், அவள் எடுக்கவில்லை. நேரே போய்ப் பார் என்று என்னை அனுப்பினார்கள். போனேன். வேலைக்குப் போயிருந்தாள். தாயிடம் குப்பியைப் பற்றிச் சொன்னேன். அதான் ஒண்ணுமில்லன்னு நீயே சொல்லிட்டியாமே, இன்னாத்துக்கு லீவு போட்டுகினு என்றாள் சரோஜா. காப்பி கொடுத்தாள். நான் குடித்தேன். அப்போதாவது, இல்லை, நான் சொன்னதை நம்பாதீர்கள், சளி கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். விதியை மீறினேன் என்று தெரிந்துவிடும் என்ற பயம். பெட்டி பொய் சொல்லாது என்ற நம்பிக்கையும் இருந்தது. எது கூடுதல் என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

நாலு மாதம் கழித்துச் செல்வம் வந்து சொன்னான், குமாரி கடையில் விழுந்துவிட்டாளாம், பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று. பார்க்கப் போனேன், டாக்டரும் வந்தார். வார்டின் கடைசிக் கட்டில். சேலை விரித்த கை, மணிக்கட்டில் எலும்பு தனியாகத் தெரிந்தது. மூச்சுக்கு முகமூடி. பேச முடியாமல் பேசினாள். என்னைப் பார்த்ததும் தாயிடம் திரும்பி, "அம்மா, அக்கா வந்துகீது. அதுக்குத் தெரியும். அதான் அப்பவே சொல்லிச்சே, ஒண்ணுமில்லன்னு" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. தாய்க்குத் தைரியம் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் எடுத்த சளிச் சோதனையில் முதல் நாளே நோய் தெரிந்துவிட்டது. டாக்டருக்கு அது விளங்கவில்லை. பெட்டி ஏன் பிடிக்கவில்லை? அவள் அனுமதி வாங்கி மறுபடி நாக்கைத் தேய்த்துப் பார்க்கலாம் என்றார். ஆறு நாளாகப் பல் விளக்காத வாய். நாக்கில் வெள்ளை தடித்துக் கிடந்தது, உதடு வெடித்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஈரத்துணியை விரலில் சுற்றிக்கொண்டு வாயைத் துடைக்கப் போனேன்.

"துடைக்காதீங்கோ மேரி. முதல்ல குச்சி" என்றார் டாக்டர்.

தேய்த்து எடுத்துக் கொண்டு போனோம். இருபது நிமிடத்தில் பெட்டி சொல்லிவிட்டது, பலமாகச் சொன்னது. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைக்காரர் கேட்டது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலையில் என்ன செய்வார்கள்? அவர்கள் தேசத்தில் நாக்கு வழிக்கும் பழக்கம் இல்லையாம், அதனால் அவர்கள் தாளில் அது இல்லை. எங்களில் வழிக்காதவர் இல்லை, அதனால் எங்கள் வாயில் அது வரவில்லை. நான் அதற்கும் மேலே போய், வழித்துவிட்டு வா என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன்.

டாக்டரிடம் சொன்னேன். இரண்டையும் சொன்னேன். வழிக்கச் சொன்னதையும், ஒண்டுமில்லை என்று சொன்னதையும். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நானும்தான் தினம் வழிக்கறேன். முப்பது வருஷமா கிருமியைத்தான் படிச்சிண்டிருக்கேன். எனக்கே தோணலையே" என்றார். பிறகு குரல் மாறியது. "எத்தனை பேர்ட்ட சொன்னேள், ஒண்ணுமில்லேன்னு?"

எண்ண வேண்டும் என்றேன்.

வழித்ததுதான் முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, நாலு மாதத்தில் நோயும் வளர்ந்திருக்கும் என்று பிறகு ஒரு நாள் சொன்னார். எனக்காகச் சொன்னாரோ, உண்மைக்காகச் சொன்னாரோ. மேலிடத்துக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டார். என் பெயரும் அதில் இருந்தது. முகாம்கள் நின்றன. திரும்பத் தொடங்கியபோது தாளில் ஒரு வரி கூடியிருந்தது, அன்று காலை நாக்கை வழிக்கக் கூடாது என்று. அந்த வரியைச் சனங்களுக்குச் சொல்லும் வேலை எனக்கு இல்லை. குச்சி எடுக்கும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சரி என்றேன்.

குமாரி மருந்து தொடங்கி ஒன்பதாம் நாள் போய்விட்டாள். சைதாப்பேட்டையில் மேளம் அடித்து, பூ வாரி இறைத்து எடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் சாவில் அடக்கமாக அழுவோம். இங்கே ஆடிக்கொண்டு போகிறார்கள். இத்தனை வருடத்தில் நூறு ஊர்வலம் பார்த்திருக்கிறேன், ஓரமாக ஒதுங்கி நின்றிருக்கிறேன். அன்றுதான் அதற்குள் நடந்தேன். சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவளிடம் நான் சொல்லிவிட்டேன், ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே. அவள் என்னைப் பார்த்து, "நீ இன்னா பண்ணுவ, நல்லதுன்னு சொன்ன" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கையை மட்டும் பிடித்திருந்தாள். இழவுச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிடவில்லை.

நான் பழைய சீட்டுக் கட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாக நினைத்து எழுதினேன். குமாரியை விட்டு இருபத்துமூன்று பேர். மறுபடி சளி கொடுங்கள், படம் எடுங்கள், நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். டாக்டர் அதற்கு என்னை அனுப்பினார். அது தண்டனையா சலுகையா என்று நான் கேட்கவில்லை. சிலர் திட்டினார்கள். ஒருவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே டிவியைப் பார்த்தார், நான் சொல்லி முடிக்கும் வரை திரும்பவில்லை. சிந்தாதிரிப்பேட்டைக்கு வேலை மாறிப் போன ஒருவரைத் தேடி மூன்று நாள் அலைந்தேன். கண்டுபிடித்தவர்களில் இரண்டு பேருக்கு நோய் இருந்தது. மாத்திரை எடுக்கிறார்கள். ஒருவர் நேற்று என்னைப் பார்த்து, சிலோனு, தின்ன மாத்திரையில ஒண்ணுக்கு செகப்பா போவுது, இத்த முன்னாடியே சொல்லக் கூடாதா என்று கத்தினார். கத்துமளவுக்கு மூச்சு இருக்கிறது.

இதற்குள் ஆற்றோர வரிசைகளை இடித்துவிட்டார்கள். குமாரி இருந்த வரிசையும் போய்விட்டது. இருந்தவர்களை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கும் அதற்கு அப்பாலும் கொண்டு போனார்கள். போன் எண் பாதி மாறிவிட்டது. பஸ் ஏறிப் போய் ஒரே மாதிரி நிற்கும் எட்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்து மடு மாதா கோவில் வளவில் சுவரில் பெயர்கள் ஒட்டுவார்கள், இன்னார் இன்னாரைத் தேடுகிறார் என்று. நான் அந்தச் சுவரில் பெயராக இருந்திருக்கிறேன். தேடுகிற ஆளாக இருந்ததில்லை.

போன கிழமை ஆறாவது மாடியில் ஒரு பெண் பாதிக் கதவைத் திறந்தாள். நீ யார், எந்த ஊர் என்று கேட்டாள். முப்பது வருடமாக இந்தக் கேள்விக்கு மன்னார் என்றுதான் சொல்வேன்.

"சைதாப்பேட்டை" என்றேன்.

"நானும் சைதாப்பேட்டதான்" என்றாள். "இப்ப இங்க கொணாந்து போட்டுட்டாங்கோ. ஆனா உன் பேச்சு அப்டி இல்லியே."

இல்லைத்தான் என்றேன். நான் தேடிய ஆள் அந்த வீட்டில் இல்லை. அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கீழே இறங்கி வந்து பஸ்ஸுக்கு நின்றபடி தாளில் அந்த முகவரியின் மேல் ஒரு கோடு போட்டேன். இதுவரை பத்தொன்பது பேரைக் கண்டுவிட்டேன்.

மீதி நாலு பேர்.